நாற்பது நிமிடம் கேட்ட முனிரத்தினம்

முனிரத்தினம் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு வேங்கிக்கால் பேருந்து நிறுத்தத்தில் வந்தது. காலை ஏழரை மணி இருக்கும். வேலைக்குப் போக டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அவருடைய மகள் ரேவதி அழைத்தாள். அவள் என்னை அழைப்பது வழக்கமில்லை. அதனால் கைபேசியை எடுக்கும்போதே பயந்துவிட்டேன். "அத்தை, அப்பாவுக்கு விடியக்காலம் நெஞ்சு வலிச்சுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம். வழியிலயே..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

முந்தைய நாள் மாலைதான் வெள்ளிக்கிழமை முகாமுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார். ஆறு மணி என்றேன். "அஞ்சே முக்கால்னு வெச்சுக்கலாம் சிஸ்டர், போளூர்ல டீ குடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. சிறப்பாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

நம் மருத்துவமனையின் நடமாடும் குழுவில் அவர் ஓட்டுநர், நான் செவிலியர். பதினொரு வருடம் ஒரே ஜீப்பில் ஜவ்வாது மலைக்கு ஏறி இறங்கியிருக்கிறோம். இதைப் படிக்கப் போகிற நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். அவருடைய கோபம் உங்களுக்குத் தெரியும், பிடிவாதம் தெரியும். அவர் கூட வேலை செய்வது கஷ்டம் என்று உங்களில் சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

பௌர்ணமி முடிந்த ஒரு காலை நேரம், கிரிவலப் பாதையில் கூட்டம் இன்னும் கலையாதபோது, நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டார். முன் சக்கரத்தின் அருகே ஏதோ 'டொக்' என்று கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. போக்குவரத்துக் காவலர் லத்தியால் பானெட்டைத் தட்டினார். முனிரத்தினம் யாரையும் பார்க்காமல் வண்டிக்கு அடியில் புகுந்து, தளர்ந்திருந்த ஒரு நட்டை முறுக்கிவிட்டு, நிதானமாக வெளியே வந்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "ஓரமா நிறுத்திட்டுப் பார்த்திருக்கலாமே அண்ணா" என்றேன். "ஓரத்துக்குப் போறதுக்குள்ள கழண்டா இன்னா பண்றது? சத்தம் வந்துச்சுன்னா நமக்குத்தான் சொல்லுது சிஸ்டர். போலீஸ்காரருக்கு இல்ல" என்றார். அந்த இரண்டு நிமிடத்துக்காக நான் அவரிடம் நாள் முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு ஒரு நாளைப் பற்றி. நான்கு வருடங்களுக்கு முன், புளி உலுக்கும் காலம். அந்த நாளைப் பற்றி உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியை அவர் இருக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்போதே அந்த ஜீப்புக்குப் பதினேழு வயது. ஒரு நாள் மருத்துவமனை வாசலில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, பின்பக்கத்தை இரண்டு கைகளாலும் முழு பலத்தோடு அமுக்கி விட்டார். வண்டி எழும்பி, இறங்கி, மறுபடியும் எழும்பி, நாலு முறை ஆடிவிட்டுத்தான் நின்றது. "நல்ல வண்டின்னா ஒரு தடவை எழும்பி நின்னுடும் சிஸ்டர். இது தொட்டில் மாதிரி ஆடுது." குனிந்து, சக்கரத்துக்கு உள்பக்கம் நிற்கும் உருளையைக் காட்டினார். எண்ணெய் கசிந்து அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. "ஷாக் அப்சார்பர் நாலும் செத்துப்போச்சு. பட்டை ஸ்பிரிங்கு வண்டியத் தாங்கும், அவ்ளோதான். குதிக்காம கம்முனு இருன்னு வண்டிக்குச் சொல்றது இதுதான்."

எழுதிக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மாலை, புதியவை நான்கும் அட்டைப் பெட்டிகளில் வந்து சேர்ந்தன. மறுநாள் எங்களுக்குத் தும்பக்காட்டில் முகாம். மலைமேல் தார்ச்சாலை முடிந்த பிறகு ஏழு கிலோமீட்டர் கல்லும் பாறையுமான பாதையில் போக வேண்டிய சிற்றூர் அது. முனிரத்தினம் என்னிடம் வந்தார். "நாளைக்கு ஒரு நாள் வண்டிய விட்டுடுங்க சிஸ்டர். காலையில மாட்டிட்டா புதன்கிழமை எங்க வேணா போலாம்." போன மாத முகாமும் நடக்கவில்லை. ஐந்து கர்ப்பிணிகள் இரண்டு மாதமாகப் பரிசோதனை இல்லாமல் இருந்தார்கள். ஒருத்திக்கு ரத்த அழுத்தம் ஜாஸ்தி. "ஒரு மாசமா ஓடின வண்டி இன்னும் ஒரு நாள் ஓடாதா அண்ணா? புதன்கிழமை மாட்டிக்கலாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "சரி" என்றார். மலையிலிருந்து இறங்கினதும் நேராக ஒர்க்ஷாப்புக்குப் போய்விடலாம் என்று பெட்டிகளை வண்டியின் பின் இருக்கைக்கு அடியில் ஏற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பாதையில் ஏறும்போது, வறண்ட ஓடையைக் கடக்கும் இடத்தில், பின்னால் 'டணார்' என்று கேட்டது. இந்த முறை எனக்கும் கேட்டது. வலது பின்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனை ஒடிந்து விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியின் பின்பக்கம் பந்து போலக் குதித்தது. தண்ணீர்க் கேன் எழும்பிக் கூரையை இடித்துவிட்டு விழுந்தது. முனிரத்தினம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினொரு மணி அளவில், நான் கடைசிக் கர்ப்பிணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊருக்குக் கீழே இருந்து ஒரு அலறல் கேட்டது. சின்னசாமி என்ற இளைஞர் புளிய மரத்திலிருந்து விழுந்துவிட்டார். முப்பது வயது இருக்கும். நான் ஓடிப்போனபோது அவருடைய அண்ணன் பெரியசாமியும் இன்னும் இரண்டு பேரும் கையையும் காலையும் பிடித்துத் தூக்கப் போனார்கள். "தொடாதீங்க!" என்று கத்தினேன். அப்படி நான் கத்தியதே இல்லை.

அவருக்கு நினைவு இருந்தது. இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் கை வைக்க விடவில்லை. கால் கட்டை விரலை அசைக்கச் சொன்னேன். இரண்டும் அசைந்தன. ஊசியால் லேசாகக் குத்தினேன். வலது காலில் உடனே தெரிந்தது. இடது காலில் கொஞ்சம் யோசித்து, "தெரியுதுக்கா, கம்மியா தெரியுது" என்றார். முதுகெலும்பு உடைந்திருக்கிறது, உள்ளே இருக்கும் நரம்பு இன்னும் அறுபடவில்லை என்பது என் கணக்கு. இனி ஒரு தவறான அசைவு போதும், அந்தக் கால்கள் அவருடையவையாக இருக்காது.

ஒரு வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். ஆறு பேர் சேர்ந்து, நான் எண்ண எண்ண, அவரை ஒரே கட்டையாக உருட்டிப் பலகையில் ஏற்றினோம். கழுத்துக்கு இரண்டு பக்கமும் துணிச் சுருள் வைத்துப் புடவைகளால் கட்டினோம். ஒருவர் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு பைக்கில் போய் ஆம்புலன்ஸுக்குப் பேசிவிட்டு வந்தார். தார்ச்சாலை முடியும் இடம் வரைதான் அவர்களால் வர முடியும், மலையேறி வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அங்கே வரை கொண்டு சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

"ஜீப்பைக் கொண்டாங்க" என்றேன்.

முனிரத்தினம் அசையவில்லை. என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ப் பேசினார். "காலையில கேன் கூரைய இடிச்சுதே, பார்த்தீங்க இல்ல? நான் எவ்ளோ மெல்ல ஓட்டினாலும் ஒவ்வொரு கல்லும் அவன் முதுகுல ஏறும். பின்னாடி ரெண்டையாவது மாத்திட்டுப் போலாம்."

"இப்பவா?"

"ஆம்புலன்ஸ் வர்றதுக்கு ஒன்னே முக்கால் மணி நேரம். நாம எறங்க ஒரு மணி நேரம். நடுவுல நாப்பது நிமிஷம் இருக்குது. அதை எனக்குக் குடுங்க. ஏத்துன்னு சொன்னா இப்பவே ஏத்தறேன். நீங்கதான் சொல்லணும்."

பெரியசாமி இதைக் கேட்டுவிட்டார். பாய்ந்து வந்து முனிரத்தினத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "என் தம்பி அங்க துடிக்கறான், நீ வண்டி ரிப்பேர் பாக்கறியா? நாங்களே தூக்கினு போறோம்டா!" தூக்கிப் போகலாம்தான். பாறைகளில் கால் வைத்து எட்டு பேர் பலகையைச் சுமந்து ஏழு கிலோமீட்டர் இறங்க மூன்று மணி நேரம் ஆகும். ஒருவர் சறுக்கினால் போதும். முனிரத்தினம் கையை விலக்கவில்லை. பிடித்த பிடியிலேயே நின்று என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் இல்லை. கேட்க ஆள் இல்லை.

"நாப்பது நிமிஷம்" என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பதினொன்று ஐம்பது.

சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு, ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். இடது பக்கம் சுலபமாகக் கழன்றது. புதியதை மாட்டும் முன் கையில் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை அமுக்கி இழுத்தார். எனக்கு அந்த நொடிகூட வீணாகப் பட்டது. "இப்படிப் பண்ணலன்னா உள்ள காத்து நின்னுடும் சிஸ்டர், மாட்டியும் பிரயோசனம் இல்ல" என்று, நான் கேட்காமலே சொன்னார். பதினாறு நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது.

வலது பக்கம் கீழ் போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார், சுத்தியலால் தட்டினார், ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினார். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டிகள் கிழிந்தன. போல்ட் அசையவில்லை. ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தார். பாதியில் பிளேடு ஒடிந்தது. ஒடிந்த துண்டைத் துணியில் சுற்றிக் கையால் பிடித்து அறுத்தார். அந்தக் கிறீச்சொலியை ஊரே வட்டமாக நின்று கேட்டது. பெரியசாமி ஒரு கல்லைக் கையில் எடுத்திருந்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

நான் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சின்னசாமியின் கால்களைத் தொட்டுப் பார்த்தேன். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் அவர், "இடது காலு மரத்துப் போவுதுக்கா" என்றார். அவருடைய மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து ஜீப்புக்கு ஓடினேன்.

"அண்ணா, போதும்! ஒண்ணு மாட்டியாச்சு இல்ல, கிளம்புங்க!"

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்லன்னா வண்டி கோணிக்கும் சிஸ்டர். முன்னைவிட இன்னும் மோசம்."

"நேரம் ஆயிடுச்சு!"

"இப்ப நிறுத்த முடியாது."

"நீங்கதானே நாப்பது நிமிஷம்னீங்க! கால் மரத்துப்போச்சுங்கறான். அவன் கால் போனா யார் பதில் சொல்றது?" எல்லோர் முன்னாலும் கத்தினேன். அறுக்கும் சத்தம் மட்டும் இன்னும் வேகமாகக் கேட்டது.

அறுபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பெட்டியிலேயே வந்திருந்த புது போல்ட்டை மாட்டி இறுக்கிவிட்டு வெளியே வந்தபோது அவருடைய முகம் முழுவதும் துரு. பின்பக்கத்தை ஒரு முறை அமுக்கினார். எழும்பியது, நின்றது. வைக்கோல் பரப்பிப் பலகையை ஏற்றினோம். கால்மாட்டில் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் பின்கதவைத் திறந்தபடியே கட்டினோம். பெரியசாமி தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். நான் சின்னசாமியின் இடது பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஏழு கிலோமீட்டரை அவர் எப்படி ஓட்டினார் என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். நடப்பவர் முந்திப் போகும் வேகம். ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால், "ஏறுது... எறங்குது... புடிச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஓடைக்கு வந்ததும் நிறுத்தினார். இறங்கி நான்கைந்து கற்களைப் புரட்டித் தள்ளிவிட்டு ஏறினார். ஒரு சக்கரம் பாறையிலிருந்து இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி தாழ்ந்து, அப்படியே அமர்ந்து, நகர்ந்தது. குதிக்கவில்லை. என் கையில் இருந்த பாதத்தின் விரல் லேசாக அசைந்தது. "அசையுதுண்ணா" என்றேன். அவருடைய பின்கழுத்தில் வியர்வை வழிந்ததை மட்டும் பார்த்தேன்.

நாங்கள் தார்ச்சாலையை அடைந்தபோது ஆம்புலன்ஸ் வந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

சின்னசாமிக்கு மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு மாதத்தில் எழுந்து நடந்தார். இடது பாதம் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. அது விழுந்ததாலா, தாமதத்தாலா, பயணத்தாலா என்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

உங்களுக்குத் தெரிந்த பாதி இதுவரைதான். நிர்வாகி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, புதியவை வந்தும் ஏன் மாட்டவில்லை என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் முனிரத்தினம் சொன்னார்: "மாட்டிட்டுப் போலாம்னு நான் சொன்னேன் சார். சிஸ்டர் வேணாம்னாங்க. ஆனா சாவிய எடுத்தவன் நான். ரெண்டு பேர் மேலயும் எழுதிக்கோங்க." உண்மைதான். ஒரு சொல்கூட மிகையில்லை. ஆனாலும் அறைக்கு வெளியே வந்ததும் எனக்கு அவர்மேல் வெறுப்பே வந்தது. பதினைந்து நாள் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை.

ஒரு நாள் மலையிலிருந்து இறங்கும்போது அவரே பேச்சை எடுத்தார். "அன்னிக்கு அறுக்கும்போதே சந்தேகம் வந்துச்சு சிஸ்டர். நீங்க சொன்ன மாதிரி அப்படியே ஏத்தினு போயிருக்கலாமோன்னு. இன்னிக்கும் தெரியல." "எனக்கும் தெரியலண்ணா" என்றேன். "ஊர்ல எல்லாரும் கரெக்டா பண்ணேங்கறாங்க. தெரியலன்னு சொல்ல உங்கள வுட்டா எனக்கு ஆள் இல்ல" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் கோபம் இல்லை.

அவருடைய உடலைக் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் அவருடைய ஊரில் வைத்திருந்தார்கள். மதியம் இரண்டு பஸ் மாறி சின்னசாமியும் பெரியசாமியும் வந்தார்கள். பெரியசாமி மாலையைப் போட்டுவிட்டு, கால்மாட்டிலேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். நான் சின்னசாமியைப் பந்தலுக்கு வெளியே அழைத்துப் போனேன். நான்கு வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"அந்த ஷாக் அப்சார்பரை முந்தின நாளே மாட்டியிருக்கணும் சின்னசாமி."

"தெரியும்க்கா. நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே டிரைவர் அண்ணன் வந்து சொன்னாரு. 'சாமான் வந்து கெடந்துச்சு, நான்தான் மாட்டாம வுட்டுட்டேன், என்னைத் திட்டணும்னா திட்டிக்கோ'ன்னாரு. எங்க அண்ணன் திட்டவும் திட்டிச்சு. கேட்டுனு நின்னாரு."

"நான்தான்னு அவரா சொன்னார்?"

"ஆமாங்க்கா. உங்க பேச்சே எடுக்கல."

நிர்வாகியிடம் என் பங்கை அளந்து வைத்த மனிதர், கால் மரத்துக் கிடந்தவனின் கட்டிலருகே போய் முழுவதையும் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு இருநூறு முறையாவது சேர்ந்து மலையேறியிருப்போம், ஒரு முறைகூட அதை என்னிடம் சொல்லவில்லை.

"அவர் மாட்டணும்னுதான் சொன்னார். வேணாம்னது நான்" என்றேன்.

சின்னசாமி என்னைப் பார்த்தார். பிறகு தன் இடது பாதத்தைப் பார்த்தார். மன்னிப்பதாகச் சொல்லவில்லை. "வாங்கக்கா, தூக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

முனிரத்தினத்தைப் பற்றி நீங்கள் கூடிப் பேசும்போது தும்பக்காட்டு நாளைத்தான் அதிகம் பேசுவீர்கள். அவருடைய பிடிவாதம் ஒரு மனிதனை நடக்க வைத்தது என்பீர்கள். அப்படியே இருக்கலாம். எனக்கு இன்னும் தெரியாது. அதைத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே ஆளும் இப்போது இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். இனி எங்கே, யாரிடம் இந்த நாளைச் சொன்னாலும், வேண்டாம் என்று சொன்னது யார் என்பதைச் சேர்த்துத்தான் சொல்வேன். முதலில் உங்களிடம் சொல்லிவிட்டேன்.